குளிர் எனக்கு, அதற்கில்லை

வேலூர் வெயிலில் வளர்ந்தவன் நான். டொரண்டோவில் எத்தனை பனிக்காலம் கழிந்தும் குளிர் எனக்குப் பழகவில்லை. மகள் வளர்க்கும் பச்சோந்தியின் கூண்டுக்கு வெப்பம் ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்தபோது, உண்மையைச் சொன்னால், நான் என் தோலை வைத்துத்தான் யோசித்தேன். பாவம், வாயில்லா ஜீவன், விறைத்துப் போகுமே என்று.

எங்களிடம் இருப்பது பண்ணையில் பொரித்த யேமன் பச்சோந்தி. யேமனும் சவூதியின் தென்மேற்கு மலைச்சரிவுகளும் அதன் சொந்த ஊர். (நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊரிலிருந்து மருமகப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.) மலை என்றால் பகலில் சுடும், இரவில் குளிரும். வளர்ந்த பச்சோந்திக்கு இரவில் 16, 18 டிகிரி என்பது சுகமான தூக்கம். எங்கள் வீடு பனிக்காலத்திலும் 21க்குக் கீழே போவதில்லை. இரவில் அதற்கு எந்த ஹீட்டரும் வேண்டாம்.

இதை என் மூளை ஒப்புக்கொண்டது, மனசு ஒப்புக்கொள்ளவில்லை. மகள் தூங்கிய பிறகு கூண்டருகே போய் நிற்பேன். ஒருநாள் அவள் கண்டுபிடித்துவிட்டாள். “அப்பா, குளிருதுன்னு அது உங்ககிட்ட சொல்லுச்சா?”

செல்லப்பிராணிக் கடையின் அலமாரி என் போன்ற அப்பாக்களுக்காகவே அடுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே கம்பிச்சுருள் வைத்த சுடுகல் இருக்கிறது. கிளையிலேயே வாழும் பிராணிக்கு வெப்பம் மேலிருந்துதான் வந்து பழக்கம். வயிற்றுக்கடியில் வெந்தாலும் சட்டென்று விலகத் தெரியாது. சிவப்பு பல்பு இருக்கிறது, இரவில் ஊர்வனவற்றின் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி விற்கிறார்கள். நிறத்தாலேயே பேசிக்கொள்ளும் பிராணிக்குச் சிவப்பு தெரியாதாம்! விளக்கு எரிந்தால் அதற்குத் தூக்கம் கெடும். செராமிக் ஹீட்டரில் வெளிச்சமே கிடையாது. ஆனால் வெளிச்சத்தைத் தேடிப் போனால் சூடு கிடைக்கும் என்பதுதான் பச்சோந்தியின் உடம்புக்குத் தெரிந்த கணக்கு. அதோடு, செராமிக்கின் நீண்ட அலை வெப்பம் மேல்தோலோடு நின்றுவிடும்.

கடைசியில் எடுத்தது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை ஹாலோஜன் பல்பு. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக விரயமாக்குகிறது என்றுதான் இழை பல்புகளை 2014இல் கனடா ஓரங்கட்டத் தொடங்கியது. அந்த விரயம்தான் பச்சோந்திக்குச் சூரியன். ஹாலோஜன் தரும் அகச்சிவப்பில் குறுகிய அலை அதிகம். அது தோலைத் தாண்டிச் சதைவரை போய்ச் சேரும். அந்தச் சூடு ஏறினால்தான் தின்ற வெட்டுக்கிளி செரிக்கும். புறஊதாவுக்குத் தனியாக ஒரு குழல்விளக்கு வேண்டும், அது வேறு கதை.

எத்தனை வாட் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம் தூரம். எங்கள் பச்சோந்திக்குக் கூண்டின் மேல்வலையில் தலைகீழாகத் தொங்கும் பழக்கம் உண்டு. அப்போது விளக்குக்கு மிக அருகில் இருப்பது அதன் கொண்டைதான். அதனால் விளக்கை வலைமேல் வைக்காமல் உயரத்தில் தொங்கவிட்டோம். வெப்பத்தைக் கிளையில் அளக்காமல், பச்சோந்தி உட்கார்ந்தால் அதன் முதுகு வரும் உயரத்தில் அளந்தோம். அங்கே 29, 30 டிகிரி போதும். கூண்டின் மறுகோடியும் கீழ்ப்பகுதியும் இலை அடர்ந்து குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கூண்டு முழுக்க ஒரே சூடாக இருந்தால் அது எங்கே போய் ஒதுங்கும்?

காலையில் விளக்கு எரிந்ததும் அது விலாவைத் தட்டையாக்கி, அந்தப் பக்கத்தை மட்டும் கறுக்கவிட்டு வெப்பத்தை வாங்குகிறது. போதுமென்றால் வெளிறிப்போய் இலைக்குள் நகர்ந்துவிடுகிறது. நகராமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். வெப்பமானி வேண்டும்தான், ஆனால் நான் முதலில் பார்ப்பது அதன் நிறத்தை.

விளக்கோடு ஒரு டைமரும் டிம்மரும் மாட்டியிருக்கிறோம். கோடையில் வீடே 27ஐத் தொடும்போது டிம்மரைக் குறைப்பது என் வேலை. பனிக்காலத்தில் அதை நான் தொடக்கூடாது என்பது மகளின் உத்தரவு. என்னிடம் விட்டால் கூட்டிக்கொண்டே போவேன் என்று அவளுக்குத் தெரியும்.