முள் இறங்கினால் போதும் என்றிருந்தேன்

பாகூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, வயல்களுக்கு நடுவில் உள்ள ஒரு பண்ணை வீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சனி, ஞாயிறு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பங்கள் வரும். அவர்கள் விசாரித்து வருவது நீச்சல் குளத்துக்காகத்தான். 60,000 லிட்டர் பிடிக்கிற சின்னக் குளம்.

போன சித்திரையில், 12 பிஎஸ்ஐயில் நிற்க வேண்டிய சாண்ட் ஃபில்டரின் அழுத்த கேஜ் முள் 24-க்கு ஏறியது. தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு மணலைக் கழுவும் பேக்வாஷ் கொடுத்தேன், 15-க்கு இறங்கியது. சாயங்காலமே மறுபடி 24. சுத்தமாக இருக்கும்போது காட்டும் அளவைவிட எட்டு, பத்து கூடினால் பேக்வாஷ் கொடு என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதையே காலையும் மாலையும் இரண்டு வாரம் செய்தேன். ஏன் ஏறுகிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

எங்கள் மோட்டார் மணிக்கு 14,000 லிட்டர் தள்ளும். மூன்று நிமிட பேக்வாஷுக்கு 700 லிட்டர் வெளியே போகும். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 20,000 லிட்டர், பின்சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்து நிலத்துக்குப் போயிருக்கிறது. அந்த நிலத்துக்காரருக்கு என் அப்பா வயது. ஒரு காலையில் வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, இந்தத் தண்ணி பட்ட எடத்துல நாத்து வெளுத்துப் போச்சு. வந்து பாரு."

சொர்ணவாரிப் பட்டத்துக்கு விட்ட நாற்றங்கால். சுவரோரம் ஒரு பாய் அகலத்துக்கு வைக்கோல் நிறம். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தென்பெண்ணையில் தண்ணீர் வந்து, சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக பாகூர் ஏரி நிறைந்தால்தான் இங்கே நிம்மதி. சித்திரையில் எல்லோருக்கும் போர் தண்ணீர்தான். அதே தண்ணீரை எடுத்து, குளோரின் கலந்து, அவர் நாற்றில் விட்டிருக்கிறேன்.

அன்றைக்கே ஃபில்டரைத் திறந்தேன். குளத்துக்குத் தண்ணீர் திரும்பும் வால்வு மூடியிருந்தாலும் முள் ஏறும்; அது திறந்துதான் இருந்தது. மோட்டாரை நிறுத்தி, காற்று வால்வைத் திறந்தேன். முள் பூஜ்யத்துக்கு வந்தது, அப்படியானால் கேஜும் நல்ல கேஜ்தான். (அழுத்தம் இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். கிளாம்ப் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.) மணலுக்குள் கை விட்டேன். விரல் இறங்கவில்லை. கரண்டியால் குத்தியதும் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. வெந்நீர்த் தவலையின் அடியில் படியுமே, அதே வெள்ளை. ஒரு துண்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், நுரைத்தது. சுண்ணாம்பு.

அதைப் போட்டதே நான்தான். விலை மலிவு என்று பிளீச்சிங் பவுடர் வாங்கி, அள்ளி அப்படியே குளத்தில் வீசிவந்தேன். அதில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. போர் தண்ணீரும் உப்புத் தண்ணீர், பிஎச் 8-ஐத் தாண்டிவிட்டது. கரைந்திருந்த சுண்ணாம்பும் மணலில் படிந்து இறுகிவிட்டது. கட்டிப்போன மணலை பேக்வாஷ் கிளப்பாது. கிடைத்த சந்தில் தண்ணீர் ஓடிவிடும், அவ்வளவுதான்.

எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டிக்குப் பவுடர் போடுகிறவர், வாளியில் கரைத்து, அடியில் தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுவார். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குளத்துக்கும் அதுதான் முறை என்று எனக்குத் தோன்றவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.

பழைய மணலை வெட்டி எடுத்து, மூன்று மூட்டை சிலிக்கா மணல் போட்டோம். அடியில் இருக்கும் விரல் குழாய்கள் உடையாமலிருக்க முதலில் பாதித் தொட்டி தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். இப்போது திரவ குளோரின்தான். பிஎச் 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். பேக்வாஷ் தண்ணீர் ஒரு தொட்டியில் சில நாள் வெயிலில் கிடந்து, குளோரின் போனபிறகு எங்கள் தென்னைக்கே போகிறது. பெரியவருக்கு விதைநெல் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

குளம் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: புது மணல் போட்ட அன்று முள் காட்டும் எண்ணை ஃபில்டர் மேலேயே பெயின்டால் எழுதிவையுங்கள். ஒரே நாளில் இரண்டாவது பேக்வாஷ் தேவைப்பட்டால், மோட்டாரை நிறுத்திவிட்டு மணலைத் தொட்டுப் பாருங்கள்.