நடுவே என்ன இருக்கிறது?

துறையூரில் அரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. அதனால், நீர்மம் ஓடும், ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் என்று ஆறாம் வகுப்பில் சொன்னால், எப்படியும் ஒரு குரல் கிளம்பும்: "அரிசியும் அப்படித்தானே சார்?" நல்ல கேள்வி. பதிலை அவர்களையே தேட விடுவேன். கொட்டினால் அரிசி குவியும், தண்ணீர் பரவும். தனி அரிசி எந்தப் படியில் கிடந்தாலும் தன் வடிவத்தை விடாது. ஆக அது திண்மம்தான் என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

சிக்கல் அதற்கு அப்புறம். பொருளெல்லாம் துகள்களால் ஆனது என்றால் உடனே தலையாட்டுகிறார்கள். துகள்களுக்கு நடுவே என்ன என்றால், "காற்று" என்கிறது வகுப்பு. காற்றும் துகள்தானே, அதற்கு நடுவே? சத்தமே இருக்காது. ஒன்றுமே இல்லை என்பதை மனம் லேசில் ஏற்காது. வெற்றிடம் கிடையாது என்று வாதிட்டவர்தான் அரிஸ்டாட்டில். நோவிக், நுஸ்பாம் இருவரும் இஸ்ரேல் மாணவர்களிடம் நடத்தி 1978இல் வெளியிட்ட ஆய்விலும் இதே தடுமாற்றம் பதிவாகியிருக்கிறது.

ஊசி மாட்டாத சிரிஞ்ச் இதற்குக் கைகொடுக்கும். காற்றை இழுத்து, நுனியை விரலால் அடைத்து அழுத்தினால் தண்டு உள்ளே போகும். தண்ணீரை நிரப்பி அழுத்தினால் அசையாது. காற்றுக்குள் காலியிடம் இருக்கிறது என்பதை விரலே சொல்லிவிடும்.

திண்மம், நீர்மம், வாயு என்று மூன்று கட்டம் போட்டுத் துகள்களை நெருக்கமாக, கொஞ்சம் விலகி, வெகுவாக விலகி என்று வரையும் வழக்கமான படம் இங்கே குழப்புகிறது. நீர்மத்திலும் துகள்கள் ஏறக்குறைய ஒட்டியேதான் இருக்கின்றன. இடம் மாறி நழுவ முடிகிறது, அவ்வளவுதான். தண்ணீரைவிடப் பனிக்கட்டியில்தான் இடைவெளி அதிகம்; உறையும்போது கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. நெல் அவிக்கும் கொதிகலனிலிருந்து வெளியேறும் நீராவியோ, தண்ணீராக இருந்ததைப்போல் ஏறத்தாழ 1,700 மடங்கு இடத்தை அடைக்கும். ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குள்ள தூரம் சராசரியாக 12 மடங்காகிறது. துகள் ஒன்றுகூடப் பெருப்பதில்லை.

துகள் உண்டா என்பதே அறிஞர்களிடம் வெகுநாள் விவாதமாக இருந்தது. ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் நீரில் மிதந்த நுண்பொருள்களின் ஓயாத ஆட்டத்தைக் கவனித்தது 1827இல். கண்ணுக்குத் தெரியாத நீர்த் துகள்கள் மோதுவதே காரணம் என்று ஐன்ஸ்டீன் அதற்குக் கணக்கு எழுதியது 1905இல். அந்தக் கணக்கைச் சரிபார்த்த பெரனின் சோதனைகள் வந்த பின்பே ஆஸ்ட்வால்டு போன்ற பெரிய வேதியியலாளர் அணு உண்டு என்று ஒப்புக்கொண்டார். அவர்களுக்கே அத்தனை காலம் பிடித்ததை நாம் ஓரிரு பாடவேளையில் முடித்துவிடப் பார்க்கிறோம்.

ஆசிரிய நண்பர்களே, படத்தைக் கரும்பலகையில் போடுமுன் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். வரையறையை ஒப்பிக்கும் கேள்வியைக் குறைத்து, சிரிஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். தப்பாக வரைந்த படம்தான் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நமக்குக் காட்டும்.