காலடியில் ஒரு ரயில் பாதை

வாரம் முழுவதும் ஒலிவாங்கி முன்னால் பேசும் எனக்கு, பேசாமல் நடக்க மெக்ரிட்சி காட்டை விட்டால் வேறு இடமில்லை. 250 மீட்டர் நீளத் தொங்குபாலத்தில் நின்றால் கீழே மரங்களின் தலைகள்தான் தெரியும். குரங்குகளைத் தினமும் பார்க்கலாம். எறும்புத்தின்னியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இந்த இயற்கை வனக் காப்பகத்துக்கு அடியில்தான் குறுக்குத் தீவு ரயில் பாதை செல்லவிருக்கிறது. 2013இல் திட்டம் வெளியானதும் இயற்கை ஆர்வலர்கள் கவலை தெரிவித்தார்கள். காட்டைச் சுற்றிச் செல்லும் வழியும் ஆராயப்பட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும் நடந்தது. கட்டுமானத்தால் விலங்குக்கும் ஓடைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் என்ன நேரும், அதை எப்படிக் குறைக்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு.

மண்ணைச் சோதிக்க முதலில் 72 துளைகள் போடுவதாக இருந்தது. இயற்கைக் குழுக்களுடன் பேசிய பிறகு அது 16 ஆகக் குறைந்தது. 2016இல் வந்த முதல் அறிக்கையை நேரம் பதிவு செய்து, அலுவலகத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது. மக்கள் கேட்ட பிறகே இணையத்தில் வந்தது.

2019 டிசம்பரில் முடிவு வெளியானது. காட்டைச் சுற்றிப் போனால் 9 கிலோமீட்டர்; பயணத்தில் கூடுதலாக 6 நிமிடம், செலவில் கூடுதலாக சுமார் 2 பில்லியன் வெள்ளி. நேர்வழி 4 கிலோமீட்டர்தான். அதில் 2 கிலோமீட்டர் காப்பகத்துக்கு அடியில், சுமார் 70 மீட்டர் ஆழத்தில் செல்லும். அரசு நேர்வழியையே தேர்ந்தெடுத்தது.

சுற்றுவழி கேட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கும் அந்த 6 நிமிடம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனாலும் 72க்கும் 16க்கும் உள்ள இடைவெளி, கேள்வி கேட்டவர்கள் சம்பாதித்துக் கொடுத்தது.

2020 முதல், பாதுகாப்புக் காரணம் இருந்தாலன்றி, இத்தகைய அறிக்கைகள் இணையத்தில் வெளியாகின்றன. கருத்துச் சொல்ல சில வாரங்களே அவகாசம். முழுவதும் படிக்க நேரமில்லையா? சுருக்கத்தையும், பாதிப்பைக் குறைக்கும் வழிகளைச் சொல்லும் பகுதியையும் மட்டுமாவது பாருங்கள். உங்கள் புளோக்குக்குப் பின்னால் மழைநீர் எங்கே தேங்கும், எந்த மரத்தில் இருவாச்சி வந்து உட்காரும் என்பது ஆய்வாளரைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். நான்கு வரி போதும், அவகாசம் முடிவதற்குள் எழுதி அனுப்புங்கள்.