ஐந்தில் ஒன்று குறைகிறதே!

ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பற்படையை அனுப்பினான். நான் போனது என் பிள்ளைகள் மூன்று, அக்கா பிள்ளைகள் இரண்டு என்ற ஐவர் படையோடு! அந்தக் கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். லங்காவி தீவு அதைச் சேர்ந்தது. 1987-லிருந்து வரியில்லாத் தீவு என்பதால் சாக்லேட் சகாய விலை.

பந்தாய் செனாங் கடற்கரையில் மாவு மாதிரி மணல். பிள்ளைகளைக் கேட்கணுமா? பத்து நிமிடத்துக்கொரு தரம் 'ஸ்டாக்' எடுத்துக்கொண்டிருந்தேன். பி.காம். புத்தி! நடுவில் ரிங்கிட்டை ரூபாயாக்கிக் கணக்குப் போட்டதில் கோட்டைவிட்டேன். எண்ணினால் நாலு. மறுபடியும் நாலு!

அஞ்சு வயசுச் சின்னவளைக் காணோம். வயிற்றில் புளியைக் கரைத்தது. கடலைப் பார்க்கவே தைரியமில்லை.

ஓடினேன். நூறு கஜம் தள்ளி ஒரு கடை வாசலில், ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறாள்! "நம்ம குடையைத்தாம்ப்பா காணோம்!" என்று புகார் வேறு. அலை பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போக, வேறிடத்தில் கரையேறியிருக்கிறாள். குடைகளோ எல்லாம் ஒரே நிறம்.

கடைக்கார அம்மா மலாயில் என்னைத் திட்டினார். மொழி புரியவில்லை, அர்த்தம் புரிந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆகவே சார், பிள்ளைகளைத் தண்ணீரில் விடுமுன் மரமோ கட்டடமோ, அசையாத ஒன்றை அடையாளம் காட்டுங்கள். முழங்காலளவுதானே என்று கண்ணை எடுக்காதீர்கள்.

சோழன் கடாரம் கொண்டான். நான் கொண்டுபோன ஐந்தையும் கொண்டுவந்தேன். யார் வெற்றி பெரிசு?