கறுப்பு மட்டும் போதாது: நெம்மேலிக் கரையில் ஒரு கூலிங் கிளாஸ் சோதனை

நெம்மேலி என்றதும் சென்னைக்காரர்களுக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான் நினைவுக்கு வரும். 2013இல் தொடங்கிய ஆலை, 2024இல் திறந்த ஆலை இரண்டிலும் உப்பைத் தடுப்பவை அடுக்கடுக்கான மெல்லிய சவ்வுகள். நான் போனது ஆலையைப் பார்க்க அல்ல. ஒளியை வடிகட்டும் அடுக்குப் படலம் என்ன செய்கிறது என்பதை அதே கரையில் நின்று சோதிக்க. கையில் இருந்தது, ‘போலரைஸ்டு’ என்று அச்சிட்ட ஒரு கூலிங் கிளாஸ்.

காலை எட்டரை மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மணலில் இறங்கி நின்றால் கடலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சூரியனுக்கு நேர் கீழே தண்ணீர் முழுக்க ஒரே பளபளப்பு. கண்ணாடியை மாட்டினேன். கூச்சம் சட்டென்று அடங்கி, அலை மடியும் இடத்தில் மணல் கலங்கிச் சுழல்வது தண்ணீருக்குள் தெரிந்தது. கழற்றி, செங்குத்தாகத் திருப்பி, அதன் வழியே பார்த்தேன். பளபளப்பு திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியின் கறுப்பில் மாற்றமே இல்லை. கூச்சம் மட்டும் போய் வருகிறது. அப்படியானால் கூச்சத்தை அடக்கியது கறுப்பு அல்ல.

சூரிய ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்போது படுக்கைவாட்டில் அதிரும் ஒளியே அதிகம் மிஞ்சுகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகை உயரத்தில் இருக்கும்போது இது உச்சம். எட்டரை மணிக்குப் போனது அதற்காகத்தான். உதய நேரத்தில் இதே கண்ணாடி இவ்வளவு வித்தையைக் காட்டாது.

இந்த வித்தையைக் கப்பல் தளத்தில் நின்று செய்து பார்த்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகமான நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்து மேற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கினார். அதன் பிறகும் நீலம் போகவில்லை. கடலின் நீலம் வானத்தின் நிழல் மட்டுமே என்ற கருத்து அங்கே ஆட்டம் கண்டது. ஒளிச்சிதறல் பற்றிய அந்த ஆராய்ச்சிதான் 1928இல் ராமன் விளைவில் போய் முடிந்தது.

ராமனுக்குப் படிகம் தேவைப்பட்டது. நமக்கு அந்த வேலையை ஒரு பிளாஸ்டிக் படலம் செய்கிறது. அமெரிக்கரான எட்வின் லேண்ட் கொடுத்த வரம் இது. பாலிவினைல் ஆல்கஹால் படலத்தைப் பல மடங்கு இழுத்து நீட்டினால் அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் வரிசைப்படும். அதில் அயோடினை ஏற்றினால், அந்தத் திசையில் அதிரும் ஒளியைப் படலம் விழுங்கிவிடும். கூலிங் கிளாஸில் அந்தத் திசை படுக்கைவாட்டு. ஈரமும் கீறலும் படாமலிருக்க இருபுறமும் காப்புப் படலங்கள். தரமான கண்ணாடியில் புற ஊதாவை உறிஞ்சும் பொருளும் சேரும்.

ஃபைபர் படகு ஓரமாக வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவரிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தவர், “தண்ணிக்குள்ள தெரியுதே தம்பி!” என்றார். கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆனா இது இருட்டா கீதே?” என்றார். எல்சிடி திரைக்குள்ளும் இதே வகைப் படலம் இருக்கிறது அண்ணே, இரண்டும் குறுக்கே விழுந்தால் திரை கறுத்துவிடும் என்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார், எண்கள் தெரிந்தன. கடலில் கருவியை நம்பிப் போகிறவர்கள் வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது இது.

கண்ணாடியைக் கழற்றியபோதுதான் கவனித்தேன். அவர் வலது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கிச் சதை படர்ந்திருந்தது. “உப்புக் காத்துல வந்தது” என்றார். காற்றும் தூசும் சேர்ந்திருக்கலாம். ஆனால் கண் மருத்துவர்கள் முதலில் சொல்லும் காரணம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். அது மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பக்கவாட்டில் நுழையும் கதிரைக் கருவிழியே வளைத்து மூக்குப் பக்க ஓரத்தில் குவிக்கிறது. அதனால் சட்டம் பக்கங்களையும் மூட வேண்டும், தலையில் தொப்பியும் வேண்டும். சதை கருவிழிமேல் ஏறினால் பார்வை கெடும், மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்து மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் தட்டு நிறையக் கூலிங் கிளாஸ்கள். கைபேசியில் வெள்ளைத் திரையை வைத்துக்கொண்டு, ‘போலரைஸ்டு’ என்றவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். சிலவற்றில் திரை கறுத்து மீண்டது. சிலவற்றில் எந்த அசைவும் இல்லை. அவை வெறும் சாயம். “எல்லாம் யூவி தான் சார்” என்றார் கடைக்காரர். அதைக் கண்ணால் சோதிக்க வழியில்லை. ‘யூவி 400’ என்றால் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கிறது என்று பொருள். சில கண்ணாடிக் கடைகளில் அதை அளக்கும் சிறு கருவி வைத்திருக்கிறார்கள். யூவி தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி மோசமானது. இருட்டுக்குப் பாவை விரியும், விரிந்த வழியே கதிர் உள்ளே போகும்.

பழைய மாமல்லபுரம் சாலை ஐடி அலுவலகங்களில் பலர் நம்பும், திரையின் நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிப் படலத்தையும் சொல்லிவிட வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பு, கணினி வேலையால் வரும் கண் சோர்வை நீல ஒளி கண்ணாடிகள் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் கூறியது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது. எரிச்சல் பெரும்பாலும் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் 20 விநாடி பார்ப்பதற்குச் செலவே இல்லை.

ஆகவே கடற்கரைக்கோ கடலுக்கோ போகிறவர்கள் மூன்று கேள்விகளோடு கடைக்குப் போங்கள். யூவி 400 உண்டா? அதில் சமரசம் வேண்டாம். போலரைஸ்டா? கைபேசியில் திருப்பிப் பாருங்கள். பக்கங்களை மூடுகிறதா? மாட்டிப் பாருங்கள். எவ்வளவு கறுப்பு என்பதெல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான். இரவில் வண்டி ஓட்டும்போது எந்தக் கூலிங் கிளாஸும் வேண்டாம்.