பெல்ட் கருகுது... குறை பெல்ட்ல இல்ல!

தென்னை மரம் ஒன்று மாதத்துக்கு ஒரு மட்டை வீதம் வருஷத்துக்குச் சுமார் 12 மட்டை கழிக்கும். 100 மரம் நிற்கிற தோப்பு என்றால் 1,200 மட்டை. முன்பு கீற்று முடைய ஆள் வந்து தூக்கிப் போவார்கள், மிச்சம் அடுப்புக்குப் போகும். இப்போது வீட்டுக்கு வீடு கேஸ், கொட்டகைக்குத் தகர ஷீட். மட்டையெல்லாம் வரப்போரம் குவிந்து கிடந்து, ஒருநாள் தீ வைக்கப்படுகிறது.

பேராவூரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அந்த மட்டைகளைத் தூளாக்கும் மெஷினை வாடகைக்கு ஓட்டுகிறார் ஒரு பெண். வயது நாற்பதை நெருங்குகிறது. கணவருக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது, இவர்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. புதுக்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாகும். மிச்ச மரத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்றுதான், கணவர் பணம் சேர்த்து அனுப்பி இந்த மெஷினை வாங்க வைத்தார்.

டெலிவரிக்கு வந்த பையன், அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொழுந்தனிடம் விளக்கிவிட்டு, இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். 'மெஷின் யார் பேரில் இருக்கிறது, யார் ஓட்டப் போகிறார்கள்' என்று கேட்கக்கூட இல்லை. நம்மூரில் இது புதிதில்லைதான்.

முதல் இரண்டு மாதம் நன்றாக ஓடியது. அதன் பிறகுதான் கீச்சென்று சத்தம், ரப்பர் கருகும் வாசம். எஞ்சினிலிருந்து வெட்டும் சக்கரத்துக்கு வேகத்தைக் கொண்டுபோவது இரண்டு வி-பெல்ட்டுகள். வீடியோ காலில் காட்டியதும் கணவர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"பெல்ட் லூஸு புள்ள. நல்லா இழுத்துக் கட்டச் சொல்லு."

இழுத்துக் கட்டினார்கள். சத்தம் நின்றது, ஆனால் வாசம் நிற்கவில்லை. கூடவே, சக்கரத் தண்டின் பேரிங் சூடாகி உறுமத் தொடங்கியது. மூன்று வாரத்தில் இரண்டு ஜோடி பெல்ட் போனது. ஒருநாள் மெஷின் நின்றால் அன்றைய வாடகை மட்டும் போகாது. மட்டையைக் குவித்து வைத்துக் காத்திருக்கும் தோப்புக்காரர், அடுத்த முறை வேறு மெஷினைக் கூப்பிட்டுவிடுவார். பெரியவனுக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது.

வழக்கமாகப் போகும் பட்டறை மெக்கானிக் பெல்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, இந்த மெஷினை எவ்வளவு ரேஸ்ல ஓட்டுறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பாதி ரேஸில்தான். பெட்ரோல் விலைக்குப் பயந்து மாமியார் போட்ட உத்தரவு அது. கொழுந்தனும் ஆக்சிலரேட்டர் லீவரை நடுவில் வைத்தே பழகிவிட்டார்.

இங்கேதான் கிளட்ச் வருகிறது. இந்த மாதிரிச் சின்னப் பெட்ரோல் எஞ்சின்களில் பைக் போல் கையால் பிடிக்கிற கிளட்ச் கிடையாது. டிரம்முக்குள் ஸ்பிரிங் போட்ட ஷூக்கள் இருக்கும். எஞ்சின் வேகமெடுக்கும்போது, ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளிப்பக்கம் தள்ளப்படுவது போல அந்த ஷூக்கள் வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கும். பிடித்ததும் சக்கரம் சுற்றும். மெதுவாக ஓடினால் ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும், சக்கரம் நிற்கும்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. எஞ்சினின் வேகம் பாதியானால் ஷூவைத் தள்ளும் விசையும் பாதியாகும் என்று நினைப்போம். இல்லை, கால்வாசியாகிவிடும். ஷூ டிரம்மைப் பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். டிரம் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி காயும். அந்த டிரம்மின் மேல்தான் பெல்ட் ஓடும் பள்ளங்களும் இருக்கின்றன. அப்புறம் பெல்ட் கருகாமல் என்ன செய்யும்?

கழற்றிப் பார்த்தபோது டிரம்மில் நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு அளவுக்கு மீறிச் சுட்டதன் அடையாளம். ஷூவின் லைனிங் முக்கால்வாசி போயிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: 'கிரீச்' சத்தம் வரும்போதெல்லாம் கொழுந்தன் கிளட்ச் பக்கம் ஆயில் விட்டிருக்கிறார். ஆயில் பட்ட லைனிங் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சுடும்.

"மிச்சம் பிடிச்ச பெட்ரோல் காசு பெல்ட்டுக்கே பத்தலையே அத்தை" என்று மாமியாரிடம் கணக்கு நோட்டைக் காட்டியிருக்கிறார். மாமியார் பதில் சொல்லவில்லை. மறுநாள் பெட்ரோலுக்குக் கூடுதலாகப் பணம் எடுத்து வைத்திருந்தார்.

புது ஷூ மாட்டிய பிறகு மெஷின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. லீவர் முழுதாக மேலே போய், சத்தம் ஒரே சீராக ஆன பிறகுதான் முதல் மட்டை உள்ளே போகும். முழு வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்று. மட்டை உள்ளே போய் எஞ்சின் திணறினால் அடுத்ததைக் கொடுக்க மாட்டார், மூச்சு வாங்க விடுவார். கத்தி மழுங்கினால் தூள் வராது, நார் நாராக வரும். அன்றைக்கே கத்தி சாணைக்குப் போகும். மழுங்கிய கத்தியின் சுமையைக் கடைசியில் சுமப்பது கிளட்ச்சும் பெல்ட்டும்தான் என்பது இப்போது அவருக்கு மனப்பாடம்.

பெல்ட்டை மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பக் கூடாது, உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும். எஞ்சின் போல்ட்டைத் தளர்த்தி எஞ்சினையே நகர்த்தித்தான் போட வேண்டும். இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், தொய்யக் கூடாது. புது பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே கொஞ்சம் நீளும், அதனால் அன்று சாயங்காலமே இன்னொரு தடவை பார்ப்பார்.

எஞ்சின் விஷயத்தில் அவர் பயப்படுவது தூசிக்கு. தென்னைத் தூள் பஞ்சு மாதிரி பறந்து, காற்றில் குளிரும் எஞ்சினின் தகடுகளுக்கு இடையில் அடைத்துக்கொள்ளும். ஏர் ஃபில்டரையும் மூடிவிடும். தினமும் வேலை முடிந்ததும் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவார். காலையில் சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவு பார்ப்பார். சரிவான வரப்பில் வைத்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. மட்டை சிக்கினால், எஞ்சினை ஆஃப் செய்தவுடன் கொழுந்தன் கையை விடுவார். எஞ்சின் நின்றாலும் கனமான சக்கரம் நிற்காது, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவர் சட்டைக் கையில் பாதி போனது. கை தப்பியது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து, சக்கரம் நின்றதைக் கண்ணால் பார்த்து, ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி ஒதுக்கி வைத்த பிறகே யாரும் மூடியைத் திறக்க வேண்டும். போன பொங்கலுக்கு லீவில் வந்த கணவருக்கும் இதே சட்டம்தான்.

"நான் வாங்கிக் குடுத்த மெஷின், என்னையே தொட விட மாட்டேங்கிறியே..."

"முதல்ல பிளக் மூடியைக் கழட்டுங்க, அப்புறம் தொடுங்க."

போன வாரம் பெல்ட் ஒன்றில் வெடிப்பு தெரிந்தது. இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார். நல்லா இருக்கிறதை எதற்குத் தூக்கிப்போட வேண்டும் என்று மாமியார் கேட்டிருக்கிறார். பழையது ஏற்கெனவே நீண்டிருக்கும், புதுசோடு சேர்த்துப் போட்டால் புதுசு மட்டுமே மொத்த பாரத்தையும் இழுத்துச் சீக்கிரம் சாகும் என்று விளக்கினார். மாமியார் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. பழைய பெல்ட் இரண்டையும் வேலிப்படல் கட்ட எடுத்துப் போய்விட்டார்.