ஏற்றக் கணக்கு

டிசம்பர் பிறந்தால் கண்டி பஸ் நிலையத்தில் கம்பளித் தொப்பி வியாபாரம் களைகட்டிவிடும். நல்லதண்ணிக்கு நேர் பஸ் விடுவார்கள். உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக்கில் முடியும் சிவனொளிபாதமலை சீசன்தான் எங்கள் பக்கத்தில் குளிர்கால மலையேற்றம் என்று சொல்லக்கூடியது. ராத்திரி ஏறத் தொடங்கி, விடியுமுன் உச்சியைப் பிடித்து, சூரியன் கிளம்பியதும் இறங்குவது வழக்கம். மலை 2,243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து செங்குத்தாகப் பார்த்தால் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். ஆனால் மீட்டரில் பேசிய யாத்திரிகர் ஒருவரையும் நான் கண்டதில்லை. படி எத்தனை என்றால் ஐயாயிரத்துச் சொச்சம் என்பார்கள், சொச்சம் ஆளுக்கு ஆள் மாறும். உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவையாக வந்திருக்கிறோமோ அத்தனை முறை அடிக்கலாம். சில கிழவிகள் கயிற்றைப் பிடித்தால் விடமாட்டார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கும். அங்கே கணக்கு என்றால் அது ஒன்றுதான்.

மீட்டர் மீட்டராக ஏற்றத்தை எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அண்ணன் மகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் சுவிட்சர்லாந்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் குளிர்காலத்துக்கு ஒரு கிழமை எல்லாப் பிள்ளைகளையும் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். போய்த் திரும்பியவளுக்கு அதிலேயே பைத்தியம். அதுவும் கம்பிவண்டியில் உச்சிக்குப் போய்ச் சறுக்கி வருவது போதாதாம். சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு மலையை ஏறி, ஏறிய மலையைச் சறுக்கி இறங்க வேண்டுமாம். அதிலும் பந்தயம் இருக்கிறது. ஸ்கீமோ என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

பனியில் வழுக்குகிற கட்டை எப்படி மேலே ஏறும் என்று கேட்டேன். அவள் பையிலிருந்து நீளமான ஒரு துணிப்பட்டையை எடுத்து மடியில் போட்டாள். "ஃபெல், சித்தப்பா. தடவிப் பாருங்க." ஒரு பக்கம் பசை. மறுபக்கம் மயிர். முன்னிருந்து பின்னுக்குத் தடவினால் கை தானாக ஓடுகிறது. பின்னிருந்து முன்னுக்கு வந்தால் ஆட்டுக்குட்டி முதுகை எதிர்த்தடவியதுபோல் மயிர் நிமிர்ந்து கையை மறிக்கிறது. இதைக் கட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. அந்தக் காலத்தில் கடல்நாய்த் தோலையே கட்டினார்களாம். இப்போது அங்கோரா ஆட்டு ரோமமும் நைலோனும். உச்சிக்குப் போனதும் பட்டையைச் சரக்கென்று உரித்து, சட்டையின் நெஞ்சுப்பக்கம் திணித்துக்கொண்டு, சப்பாத்தின் குதிகாலைப் பூட்டிக்கொண்டு கீழே பாய்வார்கள். அந்த உரிப்பும் பூட்டும் சில விநாடிகளில் முடிய வேண்டும். அங்கே கைதடுமாறினவன் ஏற்றத்தில் சம்பாதித்ததை இழந்துவிடுவான். இதை வீட்டுக் கம்பளத்தில் நின்றபடி எனக்குச் செய்து காட்டினாள். அண்ணி அடுப்படியிலிருந்து, "கம்பளம் கிழியும்டி" என்று சத்தம் போட்டார்.

நான் கணித வாத்தியார். அவள் சொன்ன எண்களில் ஒன்று எனக்குப் பிடித்துப்போயிற்று. ஸெர்மாட்டிலிருந்து வெர்பியே வரை சுவிஸ் இராணுவம் நடத்தும் பத்ருய் தே கிளாசியே என்ற பந்தயம். 57.5 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 4,386 மீட்டர். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். பிதுருதாலகாலை 2,524. எங்கள் நக்கிள்ஸ் சிகரம் 1,863. இரண்டையும் கூட்டினால் 4,387. கடற்கரையில் தொடங்கிப் பிதுருதாலகாலை உச்சி, மறுபடி கடற்கரைக்கு வந்து நக்கிள்ஸ் உச்சி. ஒரே ஒரு மீட்டர்தான் கூடுதல். நல்ல அணிகள் இதை ஆறு மணித்தியாலத்துக்குள் முடித்திருக்கின்றன. இறங்கியதை எவரும் கூட்டுவதில்லை என்பதைக் கவனித்தேன். சிவனொளிபாதத்தில் முழங்கால் போவது இறக்கத்தில்தான். இவர்களுக்கு இறக்கம் சில நிமிடச் சறுக்கல்.

மூன்று மூன்று பேராக ஓட வேண்டிய பந்தயம் அது. பனியாற்றில் வெடிப்புகள் இருக்கும். 1943இல் படைவீரர்களுக்காகத் தொடங்கினார்கள். 1949இல் ஓர் அணியின் மூன்று பேரும் வெடிப்புக்குள் விழுந்து இறந்துபோக, பந்தயத்தையே தடை செய்துவிட்டார்கள். திரும்ப நடத்தியது 1984இல்.

அண்ணன் சுவிஸ் போய்ச் சேர்ந்ததும் 1984இல்தான். அதுவரை எங்களுக்குத் தெரிந்த சுவிஸ், கண்டிக் குளக்கரையிலுள்ள ஹோட்டல் சுவிஸ். மவுண்ட்பேட்டனின் படைத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்தபோது அந்த ஹோட்டலையும் எடுத்துக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார். அண்ணன் டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றான். 83 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்தது. அவன் ஹந்தானைக் காட்டுக்குள் ஏறி, எங்கள் தோட்டத்து லயத்துக்கு விடியக்காலையில் வந்து சேர்ந்தான். உடுப்பெல்லாம் அட்டை கடித்த ரத்தம். அம்மா உப்புத் தேய்த்து அட்டைகளைக் கழற்றினார். அந்த ராத்திரி ஏற்றத்தைப் பற்றி அவன் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அங்கே போனபின் அவனுக்குக் கிடைத்தது பனிச்சறுக்கு ஊர் ஒன்றில் ஹோட்டல் சமையலறை. அந்தக் காலத்தில் போன நம் ஆட்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை அதுதான். குளிர்கால சீசன் என்றால் வெள்ளைக்காரர்களுக்குச் சறுக்கல், இவனுக்கு ஃபொண்ட்யூச் சட்டி. உருக்கிய சீஸ் அடிப்பிடித்துக் காய்ந்துபோன சட்டி. வெந்நீரில் ஊறப்போட்டால் பிசினாக இழுக்குமாம், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்ட வேண்டுமாம். நாற்பது வருஷமாக மலைக்கு நடுவில் இருக்கிறான், ஒரு நாளும் கட்டையைக் காலில் மாட்டவில்லை. "மலை ஏறுறதுக்காடா நம்ம ஆளுக ஏரோப்ளேன் ஏறினோம்?" என்பான்.

ஒரு ஜனவரியில் நான் போயிருந்தபோது மகள் எங்கள் இரண்டு பேரையும் ரயிலில் கண்டெர்ஸ்டெக் கூட்டிப்போனாள். உறைந்த அருவிகளில் ஏறுவதற்குப் பேர்போன ஊர். காட்டுக்குள் நடந்து ஒரு திருப்பத்தில் நிமிர்ந்தால் அருவி நிற்கிறது. நீலம், மங்கல் வெள்ளை, சில இடத்தில் மஞ்சள். கீழே ஒருவர் கயிறு பிடித்திருக்க, மேலே ஒரு பெண் இரண்டு கையிலும் வளைந்த கோடரியோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். சப்பாத்து நுனியில் இரண்டு இரும்புப் பல். அதை உதைத்து ஊன்றி, கோடரியைக் கொத்தி, எழும்புகிறாள்.

எனக்கு அதில் பிடித்தது சத்தம். நல்ல ஐஸில் கோடரி இறங்கினால் "டொக்" என்று அமுங்கிய சத்தம் வரும். உள்ளே பொள்ளலாக இருந்தால் மத்தளம்போல் அதிரும், உடனே கோடரியைப் பிடுங்கி வேறிடம் தேடுவார்கள். குளிர் கூடினால் ஐஸ் உறுதியாகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். கடுங்குளிரில் அது நொறுங்கும், தட்டுத்தட்டாகப் பெயர்ந்து கீழே நிற்பவன் தலையில் விழும். பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழே இருப்பதுதான் ஏற நல்லது. இதை மகள் விளக்கிக்கொண்டிருக்கையில் அண்ணன் என் காதில், "கண்டி மார்க்கெட்டுல மீன் பெட்டி உடைப்பாங்களே, அந்தச் சத்தம்தான் இது" என்றான். சரியாகத்தான் சொன்னான். திருகோணமலை லொறி வந்து நின்றதும் மீனுக்கு மேலே இறுகிப்போன ஐஸை இரும்புக் கம்பியால் குத்துவார்கள். நாங்கள் தெறித்த துண்டுகளைப் பொறுக்கி, மீன் வாடையோடு சப்புவோம். நுவரெலியாவில் தை மாசியில் புல்லில் உறைபனி பூத்துத் தேயிலை கருகும் என்று சின்னம்மா சொல்லக் கேட்டதோடு சரி. கண்டியில் ஐஸ் என்றால் மீன் லொறியில் வரும்.

ஐஸ் கப்பலிலும் வந்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் பொதித்து, ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி அனுப்பிய கட்டிகளை வைக்க. 1897 ஜனவரியில் கண்டி வந்துபோன விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். கண்டிக்கும் ஐஸுக்கும் முடிச்சுப் போட எனக்குக் கிடைத்தது இவ்வளவே. சுற்றி வளைத்த முடிச்சுதான்.

முடிச்சு என்றதும் இன்னொன்று. ஏறி முடித்த அந்தப் பெண் எப்படி இறங்கப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே குழாய்போல் துளையுள்ள நீண்ட திருகாணியை ஐஸில் சாய்வாகத் திருகினாள். சுருட்டுப் பருமனில் ஐஸ் பின்பக்கம் பிதுங்கி வந்தது. சற்றுத் தள்ளி மறுபக்கமிருந்து இன்னொரு துளை, இரண்டும் உள்ளே சந்திக்கும்படி. பிறகு ஒரு சின்னக் கம்பிக் கொக்கியால் நூல்கயிற்றை உள்ளே விட்டு மறு துளையால் இழுத்து முடிந்தாள். அதில்தான் மொத்த உடம்பையும் தொங்கவிட்டு இறங்கினாள். ரஷ்யாவின் விட்டாலி அபலாகோவ் என்ற மலையேறியின் பேரில் வழங்கும் முறையாம். எனக்குச் சிவனொளிபாதத்தின் கெத்தம்பானை ஞாபகத்துக்கு வந்தது. புத்தர் சீவரத்தைத் தைத்த இடம் என்று சிங்களச் சனம் அங்கே ஊசியில் வெள்ளை நூலைக் கோத்துக் கட்டி, உருண்டையைப் பிரித்துக்கொண்டே ஏறும். நம் ஆட்களும் கட்டுவார்கள். இன்றைய படிக்கட்டு இல்லாத காலத்தில் அந்த மலையிலும் இரும்புதான் தூக்கிவிட்டது. 1344இல் ஏறிய இப்னு பதூதா பாறையில் அறைந்திருந்த சங்கிலிகளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

ஐஸ் ஏறுவதிலும் உலகக் கிண்ணம் இருக்கிறது. சாஸ்-ஃபே என்ற ஊரில் அதைப் பலமாடி வாகனத் தரிப்பிடத்துக்குள் நடத்துகிறார்கள். காட்டருவியைப் பார்த்தபின் எனக்கு அது ஒட்டவில்லை. ஸ்கீமோவும் 2026இல் மிலானோ-கோர்த்தினா ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்ந்துவிட்டது, போர்மியோவில். ஆனால் சேர்த்தது 4,386 மீட்டரை அல்ல. மூன்று நிமிடத்தை ஒட்டி முடியும் விரைவோட்டம், கலப்பு அஞ்சலோட்டம், அவ்வளவுதான். கொஞ்சம் ஏறி, கட்டையை முதுகில் மாட்டிப் பனிப்படிகளில் ஓடி, மறுபடி மாட்டி ஏறி, உரித்து, சறுக்கி முடிப்பது. மலையைத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி நறுக்கிவிட்டார்கள் என்றேன். அண்ணன் மகள் ஒப்பவில்லை. "நீங்க ஒருக்கா ஓடிப் பாருங்க சித்தப்பா, அப்புறம் பேசுங்க."

எங்கள் நாட்டிலும் பெரிய மலை ஏறினவர்கள் உண்டு. எவரெஸ்ட் உச்சியை எங்களில் முதலில் தொட்டவர் ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21இல். கூடப்போன யொஹான் பீரிஸ் 8,400 மீட்டரில் திரும்ப வேண்டியதாயிற்று, 2018இல் மறுபடி போய்த் தொட்டார். இரண்டுமே பேப்பரில் பெரிதாக வந்தன. ஜயந்தி ஏறிய கிழமை தங்கச்சி வீட்டில் பேப்பரில் வந்த படத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, "பொம்பளப் புள்ளையா?" என்று மட்டும் கேட்டாள். தங்கச்சி எங்கள் மூவரில் மலையைவிட்டு இறங்காதவள். ஹந்தானைச் சரிவில் கொழுந்து பறிக்கிறாள்.

தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கிலோ எத்தனை, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு எத்தனை, முழுப்பேரா அரைப்பேரா. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததும் ஏட்டில் இருக்கிறது. கொழுந்தெடுப்பவள் ஒரு நாளில் எத்தனை மீட்டர் ஏறினாள் என்பதற்கு மட்டும் எந்தச் செக்ரோல் ஏட்டிலும் நிரல் கிடையாது. கண்டி வந்திருந்த அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கண் விரிந்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போகுமுன் அத்தையின் கையில் கட்டிவிட்டாள். பொழுது சாயும்வரை பொறுமையில்லை அவளுக்கு, நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள்.

தங்கச்சி வந்தாள், கை வெறுங்கை. வார் தேயிலை வாதில் சிக்கிச் சிக்கி இழுத்ததாம். பத்து மணிக்கே கழற்றிக் கங்காணியிடம் கொடுத்துவிட்டாளாம். அவர் அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்றிருக்கிறார். பின்னேரம் அவரே கொண்டுவந்து தந்தார். கடிகாரம் காட்டியது பெரும்பாலும் அவர் நின்ற கதை.

"நாளைக்குக் கால்ல கட்டுவோம் அத்தை" என்றாள் அவள்.

"நாளைக்கு வேற மலை, அட்டை ஏறும். என்னாத்துக்கு இது?"

அவள் தன்னுடைய பந்தயத்தைப் பற்றி, ஏறிய மீட்டரைக் கூட்டுவது பற்றி, எனக்குக் காட்டிய அதே பட்டையைப் பற்றியெல்லாம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். தங்கச்சி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டாள். சொல்லி முடிந்ததும் அண்ணன் மகள் மூலையிலிருந்த கூடையைத் தூக்கி, கயிற்றைத் தலையில் மாட்டிப் பார்த்தாள்.

"இதோட ஏறுறது கஷ்டம்தானே அத்தை?"

"ஏறுறப்ப அது வெறுங்கூடைதானே" என்றாள் தங்கச்சி. "இன்னைக்கு நிறுவை கீழ் ரோட்டுல. எறங்கையிலதான் பத்தொம்பது கிலோ."